முன்னால் நிற்கிறவரைத் தாண்டினால்

ஹவுகெட்டோ
ஒஸ்லோ, நோர்வே
4 ஏப்ரல் 2002

அன்பு அண்ணாவுக்கு,

விமான நிலையத்தில் அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரிப்பது பிறகு.

வாசலில் அம்மா உங்கள் கன்னத்தைத் தடவி, “அடுத்த முறை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குத்தான் வருவாய்” என்றா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்கள் சூட்கேஸின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லில்லெஸ்ட்ரோமிலிருந்து பேசி வந்த மாப்பிள்ளை வேண்டாமென்று அப்பாவிடம் நான் சொல்லி அப்போது ஒரு கிழமை ஆகியிருந்தது. நீங்கள் நிற்கிற நாட்களில் வீட்டில் முகம் கோணக்கூடாது என்று அப்பாதான் அதை மறைத்து வைத்திருந்தார். நீங்கள் போன அன்றைக்கே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது வீட்டில் சட்டி பானைகள் கொஞ்சம் சத்தமாகத்தான் கதைக்கின்றன.

அவரில் ஒரு குறையும் இல்லை, அண்ணா. பொறியியலாளர், பெயர் மிதுசன், நல்ல பகிடிக்காரர். எனக்கு இந்த வருடம் நூலகப் படிப்பு முடிகிறது. அதற்கு மேல் இரண்டு வருடம் வடக்கே துரொம்சோவில் படிக்க விருப்பம். கலியாணமே வேண்டாம் என்றில்லை. இப்போது வேண்டாம், அவ்வளவுதான். இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. தொலைபேசி இருக்கிறது ஹோலில், அம்மா இருக்கிறதும் ஹோலில்.

உங்கள் புது வேலை எப்படி? பேஸ்போல் அணிக்கு பஸ் ஓட்டுவதென்றால் அவர்களோடு ஊரெல்லாம் போகவேண்டுமா? இருமல் நின்றதா? நாங்கள் மூவரும் சுகம்.

அன்புத் தங்கை
சோபிகா


ரொறன்ரோ
22 ஏப்ரல் 2002

அன்பின் தங்கச்சிக்கு,

இருமல் நிண்டிட்டுது. அம்மா தந்த கொத்தமல்லியாலையோ, இஞ்சத்தை மருந்தாலையோ தெரியேல்லை. அம்மாவாலைதான் எண்டு அவவுக்குச் சொல்லிவிடு.

நீ எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். வேண்டாமெண்டா வேண்டாம். படி. இதிலை நான் சொல்ல ஒண்டும் இல்லை.

வேலை பிடிச்சிருக்கு. ரொறன்ரோவிலையிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி ஏரிக்கரையிலை ஒரு சின்ன ஊர். அந்த ஊர் அணிக்குப் பேர் ‘ஹெரன்ஸ்’, எங்கடை பாசையிலை கொக்குகள். சம்பளத்துக்கு விளையாடுற பெடியள்தான், ஆனா ரீவியிலை வாற பெரிய அணி இல்லை. பெரிய இடத்துக்கு ஏறலாமெண்டு நினைக்கிறவையும், அங்கையிருந்து இறங்கி வந்தவையும் ஒரே பஸ்ஸிலை இருக்கினம். சீசன் மே கடைசியிலை தொடங்கி செப்ரெம்பரிலை முடியும். ரிக்கற் விக்கிற கந்தோரிலை புளோறன்ஸ் எண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்யிறா. அவதான் இந்த வேலை இருக்கெண்டு எனக்குச் சொன்னவ.

எயார்போட்டிலை நானும் உனக்கு ஒண்டு சொல்லவெண்டு இருந்தனான். பெரிய விசயம் இல்லை. பிறகு பாப்பம்.

அப்பாவை முழங்காலுக்குத் தைலம் பூசச் சொல்லு.

அண்ணா
வரதன்


ஹவுகெட்டோ
20 மே 2002

அன்பு அண்ணா,

கொத்தமல்லிச் செய்தியைக் கேட்டு அம்மா அரை நாள் சந்தோசமாக இருந்தா. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. பதினேழாம் திகதி தேசிய தின ஊர்வலம் பார்க்க நகரத்துக்கு நடந்தே போய் வந்தார்.

நான் பகுதிநேரம் வேலை செய்கிற குறொன்லாண்ட் நூலகத்தில் பேஸ்போல் பற்றித் தேடினேன். சிறுவர் விளையாட்டுக் களஞ்சியம் ஒன்றில் அரைப் பக்கம் கிடைத்தது. ஆனால் வாசித்ததும் மனம் ஆறியது. இது எங்கள் பிரென்பால் அல்லவா! இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவது இதுதான். மட்டையால் பந்தை அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடவேண்டும். மூலைக்கு வருவதற்குள் பந்து திரும்பி வந்துவிட்டால் “பிரென்ட்!” என்று கத்துவார்கள், எரிந்துவிட்டாய் என்று அர்த்தம். எரிந்தவர் பின்னால் போய் வரிசையில் நின்று மறுபடி அடிக்கலாம். ஓடப் பயமென்றால் மூலையிலேயே நிற்கலாம். ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் நின்று கதைத்துக்கொண்டிருப்போம். நோர்வேக்கு வந்த முதல் வருடம், பாசை தெரியாத ஒன்பது வயதில், எனக்கு அந்த மூலை நல்ல பிடிப்பு. அதில் நிற்பதற்கு ஒன்றும் பேசத் தேவையில்லை.

உங்கள் கொக்குகளும் அப்படித்தானே? மூலையில் நின்று என்ன கதைப்பார்கள்?

புளோறன்ஸ் என்றவ எந்த ஊர்? “பெரிய விசயம் இல்லை” என்று நீங்கள் எழுதினது என்ன?

சாப்பாட்டைக் கவனியுங்கள்.

சோபிகா


ஒரு மோட்டலிலையிருந்து
9 ஜூன் 2002

எடி பிள்ளை,

உன்ரை கடிதத்தைப் பஸ்ஸிலை வாசிச்சுச் சிரிச்சன். றமோன் எண்டு ஒருத்தன், அணியிலை நல்லா அடிக்கிறவன், என்ன சிரிப்பெண்டு கேட்டான். ஒரு பேஸிலை எட்டுப் பேர் நிண்டு கதைக்கிற விளையாட்டு நோர்வேயிலை இருக்கெண்டு சொன்னன். “என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ” எண்டான்.

இஞ்சை அது சரிவராது. ஒரு பேஸிலை, நீ சொல்லுற மூலையிலை, ஒருத்தர்தான் நிக்கலாம். உனக்கு முன்னாலை ஒருத்தர் ஓடிக்கொண்டிருந்தா அவரைத் தாண்டவும் கூடாது. தாண்டினா நீ அவுட். பந்தை எவ்வளவு தூரம் அடிச்சாலும் அதுதான் சட்டம்.

தொடங்கி ரெண்டு கிழமை, நெடுகத் தோல்வி. ஆனா ஒருத்தரும் மூஞ்சையை நீட்டுறேல்லை. எங்கடை மைதானத்திலை ஆட்டம் இருக்கிற நாளிலை புளோறன்ஸ் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வாறவ. அதிலை றமோனுக்கும் பங்கு. அவன் பிட்டுக்கு கெச்சப் ஊத்திச் சாப்பிட்டான். அவ பாத்த பார்வையிலை அவன் போத்தலை மூடி வைச்சிட்டான்.

நான் சுகம். நீ துரொம்சோவுக்கு எழுதிப் போட்டிட்டியோ?

வரதன்


ஹவுகெட்டோ
25 ஜூன் 2002

அன்பு அண்ணா,

எல்லோரும் நலம். அப்பா உலகக் கிண்ணம் பார்க்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, காலை ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

நேற்று முன்தினம் இங்கே நடந்ததைக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து விடுமுறை ஒன்றுகூடல், ஹொல்ம்லியா மைதானத்தில். பிள்ளைகள் பிரென்பால் விளையாடினார்கள். பிறகு யாரோ, “தாய்மார் வாங்கோ” என்று கூப்பிட்டார்கள். அம்மா போவா என்று நான் நினைக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனா. முதல் அடியிலேயே பந்து கோழிக்கறிச் சட்டி வரைக்கும் போய்விட்டது!

ஓடி இரண்டாவது மூலைக்குப் போனவதான், அங்கே கனகம்மா மாமியைக் கண்டதும் விளையாட்டு மறந்துபோயிற்று. இரண்டு பேரும் நின்று கதை. எனக்கு அடிக்கிற முறை வந்தது. நான் அடித்துவிட்டு அந்த மூலைக்கு ஓடி வந்தேன்.

“அம்மா, ஓடுங்கோ!”

“எனக்கு மூச்சு வாங்குது. நீ முன்னாலை போ பிள்ளை, நான் மெல்ல ஆறுதலா வாறன்.”

தாண்டி ஓடினேன். ஒருவரும் என்னை அவுட் என்று சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்த இன்னும் இரண்டு பேரும் அம்மாவைத் தாண்டினார்கள். அம்மா கடைசியில் கனகம்மா மாமியோடு கைகோர்த்து நடந்தே வந்து சேர்ந்தா. எல்லோரும் கைதட்டினோம். லில்லெஸ்ட்ரோம் விசயத்துக்குப் பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

துரொம்சோவுக்கு அடுத்த வருடத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். அதுவரை நூலகத்தில் முழுநேரம் கேட்டிருக்கிறேன்.

புளோறன்ஸைப் பற்றிக் கேட்டிருந்தேன். பிட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

சோபிகா


ரொறன்ரோ
15 ஜூலை 2002

அன்பின் தங்கச்சி,

அம்மா பந்தடிச்சதை நினைச்சு நினைச்சுச் சிரிக்கிறன். முழங்கால், இடுப்பு நோகேல்லையோ அவவுக்கு?

எங்கடை ஊர் ஆட்டத்திலை போன வெள்ளிக்கிழமை ஒண்டு நடந்தது. கடைசி முறை, நாங்கள் ஒரு ஓட்டம் பின்னாலை. எங்கடை ஆள் ஒருத்தன் முதல் பேஸிலை நிக்கிறான். றமோன் அடிச்சான், பந்து வேலிக்கு மேலாலை போட்டுது. ரெண்டு பேரும் ஆறுதலா ஓடி வந்தாலே வெற்றி. ஆனா முதல் பேஸிலை நிண்டவன், பந்தைப் பிடிச்சிடுவாங்களோ எண்டு பயந்து பாத்துக்கொண்டு நிண்டிட்டான். றமோன் சந்தோசத்திலை தலையைக் குனிஞ்சுகொண்டு ஓடினவன், அவனைத் தாண்டிப் போட்டான். அம்பயர் கையைத் தூக்கிப்போட்டார், றமோன் அவுட். முன்னாலை நிண்டவன்ரை ஓட்டம் மட்டும்தான் கணக்கு. சமனாகி, மேலதிக ஆட்டத்திலை தோத்துப்போனம்.

ஒருத்தரிலையும் பிழை இல்லை. நிண்டவன் தன்ரை விளையாட்டை ஒழுங்காத்தான் விளையாடினவன். பந்து பிடிபடுமோ இல்லையோ எண்டு தெரியிற வரைக்கும் அவன் நிக்கத்தான் வேணும். ஓடு எண்டு அவனைத் தள்ளவும் ஏலாது.

புளோறன்ஸ் கந்தோர்ச் சட்டரை இறக்கிக்கொண்டு நிண்டவ, என்னைப் பாத்து, “அப்ப பின்னாலை வாறவர் என்ன செய்யிறது, வரதன்?” எண்டு கேட்டா. நான் பஸ்ஸைக் கழுவப் போனன்.

நீ அவவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இஞ்சை இப்ப வெயில் கடுமை.

வரதன்


ஹவுகெட்டோ
27 ஜூலை 2002

அன்பு அண்ணா,

அம்மாவுக்கு இரண்டு நாள் இடுப்பு நொந்தது. இப்போது சுகம்.

வெயிலைப் பற்றி நான் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டி, அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்து வந்தேன். முதல் பேஸில் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது நானா, அண்ணா? தங்கச்சி இருக்க அண்ணன் செய்யக்கூடாது என்று நிற்கிறீர்களா? ஈஸ்டருக்கு வந்தபோது சொல்ல வந்தது இதுதானா?

ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

சோபிகா


ரொறன்ரோ
26 ஓகஸ்ட் 2002

அன்பின் தங்கச்சி,

ஓம்.

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததுக்குக் கோவிக்காதை. எழுதி எழுதிக் கிழிச்சுப்போட்டன்.

புளோறன்ஸின்ரை ஊர் பாசையூர். தேப்பன் பிலேந்திரன் மாஸ்ரர், அங்கை கணக்குப் படிப்பிச்சவர். ரெண்டு வருசமாத் தெரியும். ஈஸ்டருக்கு வந்து முதல் உனக்குச் சொல்லி, பிறகு ரெண்டு பேருமா அம்மாட்டைச் சொல்லுவமெண்டுதான் ரிக்கற் போட்டனான். நிண்ட நாளெல்லாம் லில்லெஸ்ட்ரோம் கதை சரிவரப்போகுதெண்டு அம்மா சொல்லிக்கொண்டிருந்தா. அது முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு விட்டிட்டன். இஞ்சை வந்து பாத்தா உன்ரை கடிதம், வேண்டாமெண்டு. பிறகு எப்பிடிச் சொல்லுறது? நான் வாயைத் திறந்தா அம்மா உன்னை நெருக்குவா. நீ எனக்காக ஓம் எண்டிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். அந்தக் கலியாணத்திலை வந்து நிண்டு நான் என்னெண்டு சிரிக்கிறது?

மாஸ்ரர் நல்ல மனிசன். ஆனா புளோறன்ஸுக்கு வன்கூவரிலையிருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்திருக்காம். “உங்கடை பஸ் ஓட்டம் முடியிற வரைக்கும் பொறுக்கிறன், தம்பி. பெரியாக்கள் வந்து கேக்காட்டி நான் அவைக்கு மறுமொழி சொல்லவேணும்” எண்டார். கடைசி ஆட்டம் செப்ரெம்பர் பதினஞ்சு.

அவை வேதக்காரர், கத்தோலிக்கர். அம்மா அதுக்கும் ஒரு பாட்டு அழுவா.

ஒண்டு சொல்லுறன். லில்லெஸ்ட்ரோமுக்கு நீ ஓம் எண்டு சொன்னியெண்டா, உன்னோடை நான் கதைக்கமாட்டன். நீ நிக்கிற இடத்திலை நில். நான் ஏதும் பாப்பன்.

வரதன்


ஹவுகெட்டோ
6 செப்டம்பர் 2002

அன்பு அண்ணா,

முதலில் ஒன்று. லில்லெஸ்ட்ரோமுக்கு ஓம் சொல்லிவிடலாமா என்று நான் நினைத்தது உண்மை. படுக்கும்போது அது நல்ல யோசனையாக இருந்தது. விடிந்து தேத்தண்ணி ஊற்றும்போது பார்த்தால், அந்தப் பொறியியலாளர் என்ன பாவம் செய்தார் என்று இருந்தது. விட்டுவிட்டேன். நீங்கள் என்னோடு தொடர்ந்து கதைக்கலாம்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நேற்றே சொல்லிவிட்டேன். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா, அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பெயர், ஊர், மாஸ்ரர், வேதம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வேதம் என்றதும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். அம்மா கத்தரிக்காயைத்தான் வெட்டினா.

“பாசையூர்ச் சனம் நல்ல சனம். சேர்ச்சிலை எண்டாலும் போய் நிப்பன். எனக்கு அதில்லைக் கரைச்சல்.”

“வேறை என்ன?”

“குமர் ஒண்டை வீட்டிலை வைச்சுக்கொண்டு பெடியனுக்குச் செய்யிறதோ? உன்னைத் தாண்டி அவன் போறதோ? நாளைக்கு உன்னைக் கேட்டு வாறவை என்ன நினைப்பினம்?”

“அண்டைக்கு ஹொல்ம்லியாவிலை உங்களைத் தாண்டி நான் போகேல்லையோ?”

“எடி, அது விளையாட்டெல்லே!”

“நீங்கள்தான் சொன்னனீங்கள், நீ முன்னாலை போ, நான் ஆறுதலா வாறன் எண்டு. அதைத்தான் நானும் அண்ணாவுக்குச் சொல்லுறன். எனக்கு இப்ப ஓட விருப்பமில்லை, அம்மா. நிண்டு கதைக்க விருப்பம்.”

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார்: “இஞ்சேரும், அண்டைக்கு நீர் கனகம்மாவோடை கதைச்சுக்கொண்டு நிக்க மூண்டு பேர் தாண்டிப் போனவை. உமக்கு ஒரு குறையும் வரேல்லை. கோழிக்கறியும் மிஞ்சினது.”

அம்மா கத்தரிக்காய் முழுவதையும் வெட்டி முடித்தா. மூன்று பேருக்கு அது நிச்சயம் கூட.

இன்று காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தா. “நல்ல நேரம் ஆறரையோடை முடியுது. மாஸ்ரரின்ரை நம்பரைத் தா.” உங்கள் கடைசிக் கடிதத்தில் நம்பர் இல்லை என்றேன். ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பாவைத் தொலைபேசியில் எழுப்பி வாங்கிவிட்டா.

“அம்மா, அங்கை இப்ப நடுச்சாமம்.”

“நல்ல நேரம் இஞ்சத்தை நேரத்துக்குத்தானே பாக்கிறது. கேக்கிறது நானெல்லே?”

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிறகு என்ன நடந்தது என்று அம்மா சொல்கிறது ஒரு மாதிரி, அப்பா சொல்கிறது ஒரு மாதிரி. நீங்கள் எழுதுங்கள்.

சோபிகா


ரொறன்ரோ
18 செப்டம்பர் 2002

என்ரை தங்கச்சிக்கு,

நடந்தது இதுதான். சாமத்திலை போன் அடிக்க, ஊரிலை ஆரோ செத்துப்போச்சினம் எண்டு மாஸ்ரர் பதறி எழும்பியிருக்கிறார். எடுத்த உடனை, “ஆர் மோசம் போனது?” எண்டு கேட்டாராம். அம்மா, “ஒருத்தரும் மோசம் போகேல்லை. நான் வரதனின்ரை தாய் சிறிதேவி, ஒஸ்லோவிலையிருந்து கதைக்கிறன். உங்கடை மகளை என்ரை பெடியனுக்குக் கேக்கிறன்” எண்டிருக்கிறா. மாஸ்ரர் லைற்றைப் போட்டு மணிக்கூட்டைப் பாத்தாராம். பிறகு, “விடியக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன், அம்மா” எண்டிருக்கிறார். புளோறன்ஸ் படியிலை நிண்டு கேட்டவ.

மார்கழியிலை கூடாதெண்டு அம்மா சொன்னா. அது கிறிஸ்மஸுக்கு ஒறுக்கிற காலம், தாங்களும் செய்யிறேல்லை எண்டு மாஸ்ரர் சொன்னார். ரெண்டு பக்கமும் சண்டையில்லாமல் தையிலை வந்து நிக்குது. ஜனவரி இருபத்தஞ்சு, சனிக்கிழமை. காலமை சேர்ச்சிலை, பின்னேரம் தாலி. மூண்டு பேரும் வரவேணும்.

கடைசி ஆட்டத்தையும் சொல்லவேணும். றமோன் திரும்பவும் வேலிக்கு மேலாலை அடிச்சான். முதல் பேஸிலை அதே பெடியன். றமோன் பாதி வழியிலை நிண்டு, எங்கடை கோயிலிலை வரிசை விடுற மாதிரிக் கையைக் காட்டி, “நீங்கள் முதல் போங்கோ” எண்டு குனிஞ்சு நிண்டான். சனமெல்லாம் எழும்பிச் சிரிச்சது. வெண்டம். ஆனாலும் ஆறு அணியிலை நாங்கள் அஞ்சாவது.

உனக்கு நன்றி எண்டு எழுதினா நீ சிரிப்பாய். அதாலை எழுதேல்லை.

வரதன்


துரொம்சோ
21 ஓகஸ்ட் 2003

அன்பு அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலமாக வந்து சேர்ந்தேன். அறை சின்னது, யன்னலில் கடல் தெரிகிறது. கலியாணப் படத்தை மேசைக்கு மேலே வைத்திருக்கிறேன். அதில் சேர்ச் வாசலில் அம்மா, மாஸ்ரருக்குப் பஞ்சாங்கம் விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கிறா. அண்ணியின் வாந்தி குறைந்துவிட்டதா? அம்மா அனுப்புகிற கொத்தமல்லியைக் குடிக்காவிட்டாலும் குடித்ததாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை விமான நிலையத்தில் அதே வாசலில் நின்றோம். கலியாணம் என்ற சொல் வரும் என்று நினைத்தேன். அம்மா என் பையின் சில்லைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, “ஆறுதலா வா, பிள்ளை” என்றா.

“ஓம் அம்மா” என்றேன்.

விமானம் இருபது நிமிடம் பிந்திப் புறப்பட்டது. இங்கே மழை. திங்கட்கிழமை வகுப்புகள் தொடங்குகின்றன.

சோபிகா